பத்தாவது விண்ணப்பம்

நான் நாவல் எழுதப்போகிறேன் என்று சொன்ன அன்று, என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இதெல்லாம் நமக்கெதுக்கு அம்மணி?" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாவலைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டுவிட்டார்கள். அவ்வளவிலும் நியாயமான கேள்வி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை. எந்த லாரியில் எந்த ஊருக்கு எத்தனை பெட்டி ஏறிற்று என்று இருபது வருடமாக எழுதிக்கொண்டிருந்தவள், மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, பழைய டெலிவரி நோட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு காதல் கதையை எழுதத் தொடங்கினேன். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. தாராபுரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதில் ஒரு நர்ஸ். கையில் கட்டோடு வருகிற ஓர் இளைஞன், கட்டு அவிழ்ப்பதற்குள் அவள்மேல் பிரியம் வைத்து, பிரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போய்விடுகிறான். நான் தாராபுரத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரி வாசனை தெரியும், அமராவதி ஆறு தெரியும், ஜெபம் தெரியும். போர்தான் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது பிறகுதான் புரிந்தது.

மூன்று அத்தியாயங்களை, கிறிஸ்தவக் குடும்ப நாவல்கள் போடுகிற ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். பதினைந்தே நாளில் போன் வந்துவிட்டது. "நல்லா வந்திருக்கு சிஸ்டர். கண்டிப்பா போடலாம். சில விஷயம் மட்டும் பார்த்துக்கணும்" என்றார். அந்தச் சில விஷயம் வாட்ஸப்பில் இரண்டு பக்கத்துக்கு வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு வேத வசனம் வேண்டும். கதாநாயகனும் கதாநாயகியும் ஓர் அறையில் இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையைத் தொடுவதானால் நாடி பார்ப்பதற்காகத் தொடலாம். போர் இருக்கலாம், ரத்தம் அதிகம் வேண்டாம். கடைசியாகத் தடித்த எழுத்தில் ஒன்று: கதாநாயகன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். புத்தகத்தை மூடும்போது விசுவாசிகள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமே தவிர அழக்கூடாது.

மற்ற அத்தனைக்கும் தலையாட்டினேன். நாடி பார்க்கிற சாக்கில் எவ்வளவு காதல் செய்யலாம் என்பதையும் கற்றுக்கொண்டேன். அந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பர்மாவுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டில் ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று? முழங்கால் தேய ஜெபித்தவர்கள் வீட்டுக்கும்தான் தந்தி வந்தது. என் சிப்பாய் நாவலில் வருகிறவன் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டையில் தூசி இல்லாமல் திரும்பி வந்து நின்றால், அந்த வீட்டுக்காரர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவனைக் கொல்வது என்று முடிவு செய்தேன். பதிப்பாளரிடம் மூச்சு விடவில்லை.

வீட்டில் வேறு மாதிரித் தொல்லை. என் கணவர் வாழ்நாளில் ஒரு நாவலும் படிக்காதவர். என்னுடையதை மட்டும் ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்து படித்தார். "சண்டைக் காலத்துல மண்ணெண்ணெய்க்கு எத்தனை பாடுன்னு எங்கப்பா சொல்லுவாரு. உன்ற நர்ஸம்மா வாரத்துக்கு மூணு நாளு விடிய விடிய வெளக்கை எரிய உட்டுக் கடுதாசி எழுதறா. அது யாரூட்டு எண்ணெய்?" விளக்கை அணைத்து அவளைப் பகலில் எழுத வைத்தேன். "சித்திரை மாசம் அமராவதில முழங்காத் தண்ணி இருக்காது. உன்ற ஆளு நீச்சலடிக்கறான்." அவனைக் கரையேற்றி நடக்க வைத்தேன். "சரி, இவன் சாவானா, மாட்டானா? சாவான்னா இப்பவே சொல்லிப்போடு, நான் மேக்கொண்டு படிக்கல." அதற்கு மட்டும், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

என் கையெழுத்து லாரி டிரைவர்களுக்குப் புரியும், பதிப்பாளருக்குப் புரியாது. அதனால் சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவிடம் ஒவ்வோர் அத்தியாயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். எங்கள் சபைதான், மாதர் சங்கத்தில் எல்லா வேலைக்கும் முன்னால் நிற்பவர். கணவர் வெளிநாட்டில் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன், மேற்கொண்டு விசாரித்ததில்லை. சபையின் வாராந்தரத் தாளை டைப் செய்து கொடுப்பவரும் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளின் எண்கள், பிறந்தநாள்காரர்கள், கடைசியில் ஜெப விண்ணப்பங்கள் என்று ஒரு பக்கத் தாள்.

அந்த விண்ணப்பப் பட்டியல் ஒரு காலத்தில் நாற்பது வரிக்குக் குறையாமல் நீளும். ஆயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற நான், பதினைந்தாவது பெயர் வருவதற்குள் மனசால் வீட்டுக்குப் போய்க் குழம்பைக் கூட்டிக்கொண்டிருப்பேன். நான் நாவல் தொடங்குவதற்கு நான்கு வருடம் முன்பு புதிதாக வந்த ஆயர் இதை ஒழுங்குபடுத்தினார். வாசலில் ஒரு பெட்டி வைத்தார். வாரத்துக்குப் பத்து விண்ணப்பம், அதற்கு மேல் கிடையாது. ஒரு விண்ணப்பம் மூன்று மாதம் இருக்கும். அதற்குப் பிறகு அதே ஆள் அதையே மறுபடி போடக்கூடாது. "ஆண்டவருக்கு ஞாபக மறதி கிடையாது" என்று பீடத்திலிருந்து சொன்னார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆராதனை பத்து நிமிடம் முன்னதாக முடிய ஆரம்பித்ததில் எனக்கு அவர்மேல் தனி மரியாதையே வந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் என் சிப்பாய் பர்மாக் காட்டில் காணாமல் போனான். அதை டைப் செய்த அன்றே அக்கா போன் செய்தார்.

"ஏனுங் அம்மணி, இந்தப் பையன் திரும்பி வருவானுங்களா?"

"எனக்கே தெரியிலீங்க்கா" என்று பொய் சொன்னேன். பொய்யை மறைக்க, "நீங்க ஒருக்கா ஜெபம் பண்ணிக்கோங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். வாய் சும்மா இருக்கிறதா?

அடுத்த ஞாயிறு ஆயர் பட்டியலை வாசித்தார். ஒரு கிட்னி ஆபரேஷன், ஒரு விசா, இரண்டு வரன், பிளஸ் டூ பரீட்சை. பத்தாவதாக, "யுத்தத்தில் காணாமல்போன ஒரு சகோதரன் உயிரோடு வீடு திரும்ப" என்று வாசித்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தேன். என் ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரிகள். நர்ஸ் முழங்காலிட்டுச் சொல்கிற வார்த்தைகள், அப்படியே.

டைப்பிங் தப்பு என்றுதான் நினைத்தேன். ஒரே கம்ப்யூட்டரில் என் நாவலும் சபைத் தாளும் திறந்து கிடந்திருக்கும். ஒன்றின் வரி இன்னொன்றில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் டிஸ்பாட்சில் பல்லடத்துக்குப் போகிற பெட்டியில் பெருந்துறை லேபிளை ஒட்டுகிற தப்புத்தான். எழுந்து, "ஐயா, அது என் கதையில் வருகிறவன்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரிப்போடு முடிந்திருக்கும். அதற்குள் மூன்றாவது வரிசையில் இருந்த ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டார். எழுபத்தெட்டு வயது. "ஆண்டவரே, அந்தப் பையனைக் கைவிட்டறாதீங்க" என்று வாய்விட்டு அழுதார். அவரைப் பார்த்து இன்னும் இருபது பேர் முழங்காலிட்டார்கள். நானும் முழங்காலிட்டேன். வேறு என்ன செய்வது?

அந்த முழங்கால்களுக்கு நான் பிற்பாடு பதில் சொல்ல வேண்டியிருந்தது. புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து உள்ளதைச் சொன்னேன். "எந்திரிக்கறதுக்கு எனக்கு ரெண்டு பேரு கை குடுக்கோணும் அம்மணி" என்றார். அதைவிட நன்றாகத் திட்டியிருக்கலாம்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கையில் அந்தச் சகோதரன் யார் என்று ஆராய்ச்சி நடந்தது. டாக்டருக்குப் படிக்க வெளிநாடு போன பையன் என்றார் ஒருவர். கப்பலில் வேலை செய்கிறவர், அந்தம்மாவுக்குத் தூரத்து உறவு என்றார் இன்னொருவர். எந்தம்மா என்று யாரும் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; சபையின் வாய்க்கு மட்டும் இருக்குமா? அடுத்த வாரம் அக்கா கவனித்து எடுத்துவிடுவார் என்று நான் பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரமும் அவன் பத்தாவது இடத்தில் இருந்தான். அதற்கடுத்த வாரமும். எத்தனையோ தடவை கடைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் நிற்பார்கள், நான் அத்தியாயத்தை நீட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்படியே ஒரு மாதம் போயிற்று. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன. மாதர் சங்கம் அவனுக்காக ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தது. உபவாசம் முடிந்து சாப்பிட எலுமிச்சைச் சாதம் செய்கிற பொறுப்பு எனக்கு வந்தது. நான் கொல்லப்போகிறவன் உயிரோடு வருவதற்காக, நானே ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, நாற்பது பேருக்குச் சாதம் கிளறினேன். என் கணவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "உன்ற பட்டாளத்தானுக்குக் கருமாதிச் சோறு இப்பவே ஆக்கறயா?" என்றார். கையில் கரண்டி இருந்தது. எறியவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஒரு மதியம் எழுதினேன். அவன் ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறக்கிறான். செய்தி தாராபுரத்துக்கு வருகிறது. நர்ஸ் அன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். எழுதி முடித்துப் பக்கத்திலிருந்த பில்லிங் பெண்ணுக்குத் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டேன். நான் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான அத்தியாயம். சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, இவனைத் தாளிலிருந்தும் எடுக்க வைத்துவிடுவது என்று போனேன்.

அன்று கடையில் யாருமில்லை. அக்கா சபைத் தாளைத்தான் டைப் செய்துகொண்டிருந்தார். ஆயர் கைப்பட எழுதிய பட்டியல் பக்கத்தில் இருந்தது. அதில் ஒன்பது விண்ணப்பம்தான் இருந்தது. ஒன்பதையும் பார்த்துப் பார்த்து அடித்தார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எதையும் பார்க்காமல் பத்தாவதை அடித்தார். யுத்தத்தில் காணாமல்போன ஒரு சகோதரன்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க்கா! தெரிஞ்சேவா போட்டுட்டு இருந்தீங்க? நான் டைப்பிங் தப்புன்னு ரெண்டு மாசமா வெசனப்பட்டுட்டிருக்கறன்! அந்தப் பெரியவரு முட்டி போட்டு அழுகறாரு. நான் சோறாக்கிப் போட்டன். ஆயருக்குத் தெரியுமா?"

"ஐயா ஒம்போதுதான் எழுதிக் குடுப்பாருங்க. அவசரமா ஏதாச்சு வந்தாச் சேத்துக்கச் சொல்லி ஒரு எடம் எப்பவும் உட்டிருப்பாரு" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "உக்காருங்க அம்மணி."

உட்கார்ந்தேன்.

"என்ற ஊட்டுக்காரரு மோட்டார் காயில் கட்டறவருங்க. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாருங்க. போன கம்பெனில, பக்கத்து நாட்டுல வேலையிருக்குதுன்னு அனுப்பிச்சாங்க. போயி ஒரு மாசத்துல அங்க சண்டை வந்துருச்சு. வேற எடத்துக்கு மாத்தறாங்க, போய்ச் சேந்துட்டுப் பேசறன்னாரு. அதுதானுங்க கடைசி. பதினோரு வருசம்."

போகாத ஆபீஸ் இல்லை, எழுதாத மனு இல்லை என்றார். கம்பெனி தெரியாது என்றது, தூதரகம் பதிலே போடவில்லை. ஆள் எடுத்து அனுப்பிய ஏஜென்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

"நம்ம சபைல ஏழு வருசம் அவரு பேரை வாசிச்சாங்க. நீங்க இந்தச் சபைக்கு வந்த பொறகுங்கூட ரெண்டு வருசம் வாசிச்சாங்களே."

எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நாற்பது பெயரில் ஒரு பெயர். அந்த நேரத்தில் நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"பத்துதான்னு வந்த பொறகு மூணு மாசம் இருந்துது, அப்பறம் எடுத்துட்டாங்க. மறுக்கா ஒருக்கா மாதர் சங்கத்துல சொன்னனுங்க. 'இன்னுமா?'ன்னாங்க ஒருத்தரு. கெட்ட எண்ணத்துல கேக்கலீங்க, வாய் தவறி வந்துருச்சு. அதோட நானும் கேக்கறதில்லீங்க. உங்க சிப்பாயின்னா எல்லாரும் முட்டி போடறாங்க. அவன் காணாமப் போயி ரெண்டு மாசந்தானுங்களே. புதுசு." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் அவுங்களோட கண்ணை மூடிக்குவேன். அத்தனை பேரு கேக்கறதுல என்றதும் ஒன்னு சேந்து போயிரும்னு நெனச்சனுங்க. தப்புத்தான்."

என் மடியில் பன்னிரண்டாம் அத்தியாயம் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கொன்னுபோட்டீங்களா?"

அவர் நெடுநேரம் கீபோர்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"கொல்றதுன்னாக் கொல்லுங்க அம்மணி. உங்க கதை. சித்தெ தள்ளிக் கொல்லுங்க. மூணு மாசம் முடிய இன்னும் நாலு வாரம் இருக்குது."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆயர்மேல், அவருடைய பெட்டிமேல், 'இன்னுமா' என்று கேட்டவள்மேல், பதினோரு வருடமாக வாயைத் திறக்காத தூதரகத்தின்மேல், பத்து நிமிடம் மிச்சமானதற்குச் சந்தோஷப்பட்ட என்மேல். உண்மையை எழுதுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவனைக் கொன்றேனே, திரும்பி வராதவன் வீடு எப்படி இருக்கும் என்று என் தெருமுனையில் பார்த்தேனா? அத்தியாயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை யாருக்கும் காட்டவில்லை. இன்றைக்கும் துணிபீரோவில் கிடக்கிறது.

மூன்று வாரம் ஒரு வரி ஓடவில்லை. பதிப்பாளர் வாரத்துக்கு ஒரு தடவை, "என்ன சிஸ்டர், நம்ம ஆள் எப்ப வர்றார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் புதிதாக ஒரு பன்னிரண்டாம் அத்தியாயம் எழுதினேன். அக்காவுக்காகத்தான் எழுதினேன், அதனால் ஒரு குறையும் வைக்கவில்லை. கிறிஸ்மஸ் காலை. ஆலய மணி அடிக்கிறது. வெள்ளைச் சட்டையில் அவன் வாசலில் நிற்கிறான். நர்ஸ் கையிலிருந்த பூங்கொத்து கீழே விழுகிறது. 'ஸ்தோத்திரம்' என்கிறாள், மயங்கி அவன் தோளில் சாய்கிறாள். கதவு திறந்திருக்கிறது. மூன்றாவது ஆளாக ஆஸ்பத்திரித் தோட்டக்காரர்கூட நிற்கிறார். பதிப்பாளர் கேட்டது எல்லாம் ஒரே பக்கத்தில்.

அக்கா பாதி டைப் செய்துவிட்டு நிறுத்தினார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. இது ஆகாதுங்க."

"ஏங்க்கா? அதான் வந்துட்டானே!"

"வந்தான் சரி. இவ நாலு வருசம் காத்துட்டிருந்தவளாட்டவா இருக்கறா? காத்துட்டிருந்தவ மயங்கி உழுகமாட்டாளுங்க."

"பின்ன என்ன பண்ணுவா?" என்றேன். மூன்று வாரம் தவித்த பிறகு உயிரைக் கொடுத்து எழுதியிருந்தேன், எனக்கும் ரோஷம் இருக்காதா?

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "மொதல்ல அடையாளமே தெரியாதுங்க. கதவைத் தொறந்து, யாருங்க வேணும்னு கேப்பேன். அப்பறந்தான் தெரியும். தெரிஞ்சதும் வைவேன். எங்க போயிருந்தே, ஒரு போனு பண்ண முடியிலியா உனக்கு, நாசமாப் போறவனேன்னு வைவேன். அவரை ஒருநாளும் நீன்னு சொன்னதில்லீங்க. அன்னிக்குச் சொல்லுவேன். அடிச்சாலும் அடிப்பேன். அடிச்சுப்போட்டுச் சோறு போடுவேன். தின்னு முடிக்கற வரைக்கும் பேசமாட்டேன். தட்டைக் கழுவி வெச்சுப்போட்டு வந்து, மறுக்கா மொதல்லருந்து வைவேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். முகம் சிவந்திருந்தது. நான் டெலிவரி நோட்டைத் திருப்பி, அங்கேயே ஜெராக்ஸ் மிஷின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். போன் என்பதைக் கடுதாசி என்று மாற்றியதோடு சரி. வேறெதையும் நான் தொடவில்லை.

பதிப்பாளர் படித்துவிட்டுப் பதறிப்போனார். "சிஸ்டர், நர்ஸ் ஒரு விசுவாசி. இப்படியா திட்டுவாங்க?"

"விசுவாசம் இல்லாதவளா இருந்தா நாலு வருஷம் காத்திருக்கவே மாட்டாளே, பிரதர்" என்றேன்.

"'நாசமாப் போறவனே' மட்டும் எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை என்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

கடைசி அத்தியாயம் முடிந்த சனிக்கிழமை அக்கா சபைத் தாளைத் திறந்தார். ஒன்பது விண்ணப்பமும் ஏறியிருந்தன. "வந்துட்டானல்லங்க, இனி அவனை எடுத்தறலாம்" என்றார். பத்தாவது வரியை அழித்தார். அங்கே வெறும் எண் மட்டும் நின்றது. "ஒம்போதோட இருக்கட்டும்" என்று அதையும் அழிக்கப் போனார்.

"இருங்க்கா" என்றேன். "ஒரே ஆளு மறுபடி போடக்கூடாதுன்னுதானே சட்டம்? நான் ஒருக்காலும் போட்டதில்லியே. அவசரம்னு நான் சொல்றன், சேருங்க. ஆயரு கேட்டா நான் பேசிக்கறன்." அப்புறம்தான் எனக்கே உறைத்தது. ஆறு வருடம் ஒரே சபை, ஒரே தெரு, பன்னிரண்டு அத்தியாயம். "அவரு பேரு என்னங்க்கா?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு வீட்டுக்காரர் பெயர் வாயில் வராது. அக்காவுக்கும் வரவில்லை. உதட்டை ஒரு தடவை அசைத்தார், பிறகு கீபோர்டுப் பக்கம் திரும்பினார். என் நாவலின் இருநூறு பக்கத்தையும் படபடவென்று அடித்த அந்த விரல்கள், நான்கு எழுத்தை அடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன. அடித்து முடித்துத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் ஆராதனைக்கு முன்பு பட்டாளத்துக்காரர் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பையனைக் காணமே?" என்றார்.

"வந்துட்டானுங்க ஐயா" என்றார் அக்கா. பெரியவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆயர் வாசித்தார். ஆபரேஷன், விசா, வரன். ஒன்பது முடிந்தது. பத்தாவதைப் பார்த்துச் சற்று நின்றார். தாளைத் தாண்டி அக்கா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தார். பின்னாலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள். பட்டாளத்துக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முழங்காலிட்டார்.

இரண்டு வருடம் வாரம் தவறாமல் நான் கேட்ட பெயர். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.